டர்பன் படச்சுருள்கள்: பதிவைப் பகிரும் முன்

சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கம் கோயில் சபைகளிலும் வீடுகளிலும் கிடக்கும் 16 மி.மீ. சுருள்களையும் விஎச்எஸ் கேசட்டுகளையும் பட்டியலிடத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். காவடி, தீமிதி, கல்யாணம், நாடகம் என்று எது இருந்தாலும், வெஸ்ட்வில்லின் காந்தி-லுதுலி ஆவண மையத்திலோ சென்னையிலோ உட்கார்ந்து தேடுபவருக்கும் அதைப் பற்றிய பட்டியல் பதிவு அகப்பட வேண்டும். ‘பதிவு’ என்று கீழே சொல்வது அந்தப் பட்டியல் குறிப்பைத்தான்.

முதலில், படத்தையும் பெட்டியில் இருக்கும் படியையும் பிரித்து எழுதுங்கள். உலகத் திரைப்படக் காப்பகக் கூட்டமைப்பான ஃபியாஃபின் 2016 கையேடு படைப்பு, மாற்றுவடிவம், வெளியீடு, படி என நான்கு நிலைகள் சொல்கிறது. சென்னையில் எடுத்த படம் படைப்பு. காட்சிகள் வெட்டப்பட்ட பிரதி மாற்றுவடிவம். அதன் விஎச்எஸ் பதிப்பு வெளியீடு. அலமாரியில் இருக்கும் அந்த ஒரு கேசட் படி. எல்லாவற்றையும் ஒரே பதிவில் அடைத்தால் கால அளவில் சிக்கும். இங்கே 1976-இல் தொடங்கிய தொலைக்காட்சி ‘பால்’ (PAL) என்ற ஒளிபரப்பு முறை, நொடிக்கு 25 சட்டகம். 24 சட்டகத்தில் எடுத்த 150 நிமிடப் படத்தை அந்த வேகத்தில் ஓட்டிப் பதிந்தால் 144 நிமிடம்தான் வரும். ஒரு காட்சியும் வெட்டுப்படவில்லை. ஆனால் இரட்டைப் பதிவுகளைச் சேர்க்கும் நிரல் இரண்டையும் வேறு வேறு படம் என்று முடிவுகட்டிவிடும். நூலகப் பதிவுகளுக்கான மார்க் 21 வடிவத்தில் ஒவ்வொரு தகவலுக்கும் எண்ணிட்ட புலம் உண்டு. கால அளவுக்கான 306 புலத்தில் 022400 (2 மணி 24 நிமிடம்) என எழுதும்போதே, படியை ஓட்டி அளந்ததா, உறையில் பார்த்ததா என்பதைக் குறிப்பில் சொல்லுங்கள். சுருளுக்கு நீளத்தை அடியில் கொடுங்கள்: 16 மி.மீ. 400 அடி, 24 சட்டகத்தில் ஏறத்தாழ 11 நிமிடம். வேகம் மாறினாலும் அடி மாறாது.

தலைப்பு விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு: தமிழ் எழுத்தில் தலைப்பு இல்லாத பதிவைப் பகிரவே கூடாது. ரோமன் வடிவம் தலைப்புக்கான 245 புலத்தில், தமிழ் மாற்று எழுத்துக்கான 880-இல், இரண்டையும் துணைப்புலம் 6 இணைக்கும். பழைய மார்க்-8 எழுத்துக் குறியீட்டில் தமிழே கிடையாது. ஆகவே கோப்பு யூனிகோட் குறியீடான யுடிஎஃப்-8 ஆக இருக்க வேண்டும், பதிவின் தொடக்க வரியான லீடரின் 09-ஆம் இடத்தில் ஆங்கில ‘a’ நிற்க வேண்டும். அது விடுபட்டால் பதிவை வாங்கிக்கொள்பவர் திரையில் கேள்விக்குறிகள்தான். காவடியை இங்கே கே-யில் தொடங்குகிறோம், மொரீஷியஸில் சி-யில். மாற்றுத் தலைப்புக்கான 246-இல் இரண்டையும் சேருங்கள். கோவெண்டர், மூட்லி போன்ற பெயர்களைச் சென்னை வழக்குக்குத் திருத்த வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாத பிழைகள் இன்னும் மோசம். ‘கொ’வின் உயிர்க்குறி கணினியில் ஒரே குறியீடாகவும் இருக்கலாம், இரண்டு துண்டாகவும் இருக்கலாம், யூனிகோடின் என்எஃப்சி இயல்பாக்கம் (ஒரே வடிவுக்குக் கொண்டுவருவது) அதைச் சரிசெய்யும். ‘ஔ’வுக்குப் பதில் ‘ஒ’வும் ‘ள’வும் தட்டியிருந்தால் எந்த இயல்பாக்கமும் உதவாது. ‘ஸ்ரீ’க்கும் இரண்டு குறியீட்டு வரிசைகள் புழங்குகின்றன. இவற்றைத் தேடி மாற்றிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். எக்செலில் திறந்து சேமித்த சிஎஸ்வி அட்டவணைக் கோப்பை நம்பாதீர்கள்: சேர்க்கை எண்ணின் முன்னால் இருக்கும் சுழியங்கள் போய்விடும்.

கோஹா நூலக மென்பொருள் வைத்திருப்பவர்கள், பிற காப்பகங்கள் பதிவுகளைத் தாமே எடுத்துக்கொள்ள (‘அறுவடை’ செய்ய) உதவும் ஓஏஐ-பிஎம்எச் நெறிமுறை வழியாகத் தரலாம். ஆனால் டப்ளின் கோர் என்ற எளிய வடிவில் மட்டும் தந்து நிறுத்தாதீர்கள். அதற்கு மாற்றும் பல நிரல்கள் 880-ஐக் கண்டுகொள்வதில்லை, தமிழ்த் தலைப்பு அங்கேயே உதிர்ந்துவிடும். முழு மார்க் பதிவையும் தாங்கும் மார்க்எக்ஸ்எம்எல்லையும் சேர்த்துத் திறந்துவிடுங்கள். மென்பொருள் மாறினாலும் பதிவின் அடையாள எண் மாறக் கூடாது, மாறினால் அறுவடை செய்பவரிடம் எல்லாம் இரட்டிக்கும். நீக்கிய பதிவுகளைச் சேவையகம் நிரந்தரமாக நினைவில் வைக்கும்படி அமையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் எடுத்துவிட்ட பதிவு அங்கே இருந்துகொண்டே இருக்கும்.

சுருள் தந்தவர் பெயர், தொலைபேசி, முகவரி, சுருள் வந்த வழியைச் சொல்லும் 541-இலும் உடைமை வரலாற்றைச் சொல்லும் 561-இலும் இருக்கும். புல எண்ணை அடுத்து வரும் முதல் சுட்டியை 0 ஆக்கினால் அது தனிப்பட்டது என்று பொருள், அவ்வளவே. ஏற்றுமதி அதை மதிக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா 2021 ஜூலை 1 முதல் முழுவீச்சில் நடப்பில் இருக்கிறது. ஆகவே அந்தப் புலங்களை ஏற்றுமதியிலேயே கழற்றிவிடுங்கள்.

மொத்தமாக அனுப்பும் முன், சிக்கலான பத்துப் பதிவுகளை மட்டும் அனுப்புங்கள். ‘ஸ்ரீ’யில் தொடங்கும் தலைப்பு, ‘கொ’ உள்ள தலைப்பு, இரண்டு கால அளவுள்ள படம், நீக்கிய பதிவு ஒன்று. வாங்குபவர் தம் தேடுபெட்டியில் தமிழில் தட்டிப் பார்த்து, வந்ததையும் வராததையும் எழுதி அனுப்பிய பிறகு மீதியை அனுப்பலாம்.