கல்வெட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பெயர்

02.06.2025

பதினொரு ஆண்டுகள் பிறருடைய அச்சகத்தில் இருந்து கல்வெட்டுகளைத் தட்டச்சுச் செய்து, பக்கம் அமைத்து, மெய்ப்புப் பார்த்துக் கொடுத்தவன், இன்று முதல் அதே வேலையை என் பெயரில் தொடங்குகிறேன். ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு வருவோர் கையில் கொடுக்கும் நினைவு மலரையே யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்கிறோம். தேவாரம், இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பா, அமரரின் வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, நன்றி நவிலல் என்று அதற்கொரு ஒழுங்கு உண்டு. இத்தொழிலில் என் பெயரை நிலைநிறுத்துவதற்கென்று 25,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். மனைவிக்கு அதுவே அதிகம்.

05.06.2025

மைத்துனர் 'கிரியேஷன்ஸ்' என்று முடியும் நான்கு பெயர்களை எழுதிக்கொண்டு வந்தார். செத்தவீட்டில் விரிக்கப்படும் புத்தகத்தில் அப்படியொரு சொல்லைப் போட மனம் ஒப்பவில்லை. 1849 இல் அச்சியந்திரம் வாங்கச் சென்னைக்குப் போன ஆறுமுகநாவலரின் பதிப்புகளில், அவர் பரிசோதித்து அச்சிடப்பட்டது என்ற குறிப்பு இருக்கும். அந்தப் பெயரைக் கண்டால் பிழையிராது என்று வாங்குவோர் நம்பினார்கள். நாவலரோடு என்னை ஒப்பிடவில்லை, ஆனால் வழி அதுதான். கடைசிப் பக்கத்தின் அடியில் 'தொகுப்பும் மெய்ப்பும்' என்று சிறிய எழுத்தில் போட்டு, என் முழுப்பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் சேர்ப்பதென்று முடிவு செய்தேன். அந்த வரிக்குத் தனிச் செலவும் இல்லை.

11.06.2025

முகநூலில் 3,000 ரூபாய் கட்டி ஒரு விளம்பரம் போட்டேன். வயதெல்லை குறிக்க மறந்துவிட்டேன் போலும். பள்ளிப் பிள்ளைகள் இதயக்குறி போட்டிருக்கிறார்கள், ஒருவர் 'வாழ்த்துகள், மேலும் வளர்க' என்று எழுதியிருக்கிறார். என் தொழில் வளர்வதென்றால் என்ன பொருள் என்பதை அவர் யோசித்திருக்க மாட்டார். ஒரு விசாரிப்பும் வரவில்லை. 3,500 ரூபாய்க்கு அடித்த விசிற்றிங் காட்டுகளையும் துக்கவீட்டு வாசலில் நின்று நீட்ட முடியாது. ஆகவே அந்தியேட்டிக் கிரியை செய்யும் சைவக்குருமாரிடமும், பந்தலும் கதிரையும் வாடகைக்குக் கொடுக்கும் கடைக்காரர்களிடமும் கொடுத்து வைத்தேன்.

19.06.2025

தொழிலுக்கான வட்ஸ்அப் செயலி இலவசம்தான். அதில் யார் எழுதினாலும் உடனே தானாகப் போகும் வரவேற்புச் செய்தியை ஆசையோடு எழுதி வைத்திருந்தேன். நேற்று இரவு தாயை இழந்த ஒருவருக்கு, 'வணக்கம், உங்களை வரவேற்பதில் மகிழ்ச்சி' என்று அது போய்விட்டது. உடனே அதை நிறுத்திவிட்டு, நானே அழைத்துப் பேசினேன். முகப்பில் இருந்த சிரித்த படத்தையும் எடுத்துவிட்டேன்.

27.06.2025

முதல் பெரிய வேலை, முதல் பெரிய பிழை. வம்சாவளியில் இரண்டாவது மருமகனின் தலைப்பெழுத்து மாறிவிட்டது. 300 பிரதிகளும் அச்சாகிக் கம்பி அடித்த பின்னரே கண்டேன். நடுவில் மடித்துக் கம்பி அடிக்கும் புத்தகத்தில் ஒரு பக்கத்தை மாற்றுவதென்றால், அதே தாளில் இருக்கும் மற்ற மூன்று பக்கங்களையும் சேர்த்தே மறுபடி அடிக்க வேண்டும். வீட்டாருக்குச் சொல்லாமல் விட்டிருந்தால் பலர் கவனித்திருக்க மாட்டார்கள், மருமகன் கவனித்திருப்பார். சொல்லிவிட்டு, 6,800 ரூபாயை என் பணத்தில் கட்டினேன். அந்தத் தொகையை விளம்பரக் கணக்கில் எழுதினேன்.

08.07.2025

ரொறன்ரோவிலிருந்து ஒரு குடும்பம் வரலாற்றை அனுப்பியது. ஒருங்குறி அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்திருந்ததால் தொலைபேசியில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தது. ஒருங்குறிக்கு மாற்றி, மாறும்போது சிதைந்த இடங்களைச் சரி பார்க்க ஒரு மணித்தியாலம் போயிற்று. அதைவிடப் பெரிய சிக்கல் திதியில் இருந்தது. அங்கே இரவு 10 மணிக்கு நிகழ்ந்த இறப்பு, இந்த மாதக் கணக்கில் இங்கே மறுநாள் காலை 7.30. சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலகும் காலமே ஒரு திதி என்பதால், அது உலகம் முழுவதும் ஒரே கணத்தில்தான் மாறுகிறது; கனடாத் திகதியை அப்படியே எடுத்து எங்கள் பஞ்சாங்கத்தில் பார்த்தால் தவறிவிடும். அவர்கள் துவாதசி என்று எழுதியிருந்தார்கள், நேரத்தை மாற்றிப் பார்த்தபோது திரயோதசி வந்தது. துவாதசி கருவிளச்சீராக வெண்பாவில் இலகுவாக அமரும். திரயோதசியோ கனிச்சீர், வெண்பாவில் முழுதாக நிற்காது, இரு சீராகப் பிரித்தே வைக்க வேண்டும். எழுதி வைத்திருந்த வெண்பாவைக் கிழித்துப் போட்டு, விடியும் வரை புதிதாகக் கட்டினேன். வாக்கியம், திருக்கணிதம் என்ற இரு பஞ்சாங்கங்களிலும் திதி முடியும் நேரம் சில வேளை வேறுபடுவதால், வாக்கியமா திருக்கணிதமா என்பதை இனி எல்லோரிடமும் முதலில் கேட்டுவிட வேண்டும்.

30.07.2025

ஒதுக்கியதில் 11,700 ரூபாய் மீதம். இணையத்தளம் அமைக்கும் எண்ணத்தைக் கைவிட்டேன். முடிந்த கல்வெட்டின் பிடிஎவ் பிரதியை, வீட்டார் சம்மதித்தால், 'நூலகம்' என்ற இணைய எண்ணிம நூலகத்துக்கு அனுப்புகிறேன். அங்கே நினைவு மலர்களையும் சேர்த்து வைக்கிறார்கள். மீதிப் பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து, என்னைவிடக் கண் கூர்மையான ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவரிடம் ஒவ்வொரு கல்வெட்டின் கடைசி மெய்ப்பையும் காட்டத் தொடங்கியிருக்கிறேன். அவர் முதல் நாளே ஏழு சந்திப் பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டார்.

14.08.2025

காலையில் கரவெட்டியிலிருந்து ஒரு பெரியவரின் அழைப்பு. "தம்பி, கனடாவிலை செத்த எங்கடை மச்சானின்ரை கல்வெட்டிலை உங்கடை பேரைப் பாத்தனான். அக்கா போன கிழமை மோசம் போட்டா." முகநூல் விளம்பரத்தையோ விசிற்றிங் காட்டையோ அவர் கண்டதாகத் தெரியவில்லை. அனுதாபம் சொல்லி, சற்றுப் பொறுத்து, வாக்கியமா திருக்கணிதமா என்று கேட்டேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "அக்கா வாக்கியம்தான் பாப்பா" என்றார். தாளை எடுத்து, அவர் நேரம் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.