கொழுக்கட்டைப் புல்லும் சவாரோவும்: டூசான் நாட்குறிப்பு

ஏப்ரல் 26

பெரியவரின் உச்சியில் மொட்டு வைத்திருக்கிறது. இன்று காலை நடையில்தான் பார்த்தேன். கைகளின் நுனியிலும் கொத்துக் கொத்தாக இருக்கிறது.

பெரியவர் என்று நான் அழைப்பது வீட்டுக்குப் பின்னால் மலையடிவாரப் பாதையில் நிற்கும் ஒரு சவாரோவை. உலகில் சோனோரன் பாலைவனத்தில் மட்டுமே தானாக வளரும் கள்ளி இது. அரிசோனாவின் தென்பகுதியும் மெக்சிகோவின் சோனோரா மாநிலமும்தான் இதன் தாய்நிலம். இவருக்கு ஐந்து கைகள், ஏறக்குறைய ஏழு ஆள் உயரம். ஊர் வேலியோரத்துச் சதுரக்கள்ளியை நினைவுபடுத்துவார். ஆனால் சதுரக்கள்ளியைக் கீறினால் பால் வடியும், இவரிடம் பால் கிடையாது. இரண்டுக்கும் உறவே இல்லை. வறட்சிதான் இரண்டையும் ஒரே சாயலுக்குக் கொண்டுவந்திருக்கிறது.

இந்தப் பக்கத்துச் சவாரோ முதல் பூ பூக்கவே முப்பத்தைந்து வயதாகிறது. முதல் கை விட ஐம்பது முதல் எழுபத்தைந்து ஆண்டுகள். ஐந்து கைகளையும் உயரத்தையும் வைத்துப் பார்த்தால் பெரியவருக்கு நூற்றைம்பது வயது இருக்கலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். நான் இருக்கும் இந்த அரிசோனா நகரமான டூசானுக்கு ரயில் வந்தது 1880இல். அதன் முதல் ஊதல் ஒலி கேட்டபோது இவர் ஒரு விரற்கடை உயரத்தில் எங்கோ ஒரு நிழலில் ஒளிந்திருந்திருப்பார்.

மே 17

இரவு பத்தரை மணிக்கு டார்ச்சுடன் போனேன். பூ விரிந்துவிட்டது. மெழுகில் செய்தது போன்ற கனத்த வெள்ளை இதழ்கள், முற்றிய முலாம்பழ வாசனை. ஒரு பூவுக்கு ஒரே ஓர் இரவுதான், மறுநாள் பிற்பகலில் மூடிக்கொள்ளும். அதற்குள் வௌவாலோ தேனீயோ வெண்சிறகுப் புறாவோ மகரந்தம் கொண்டுவர வேண்டும். தன் பூவின் மகரந்தமே போதாது, இன்னொரு சவாரோவிலிருந்து வந்தாக வேண்டும். இந்தப் பூவை நாடி மெக்சிகோவிலிருந்து வரும் நீள்மூக்கு வௌவால் ஒருகாலத்தில் அழிவின் விளிம்பில் இருந்தது. 2018இல் ஆபத்துப் பட்டியலிலிருந்து அதை நீக்கினார்கள். வௌவால் இனங்களில் அப்படி மீண்டதாக அமெரிக்கா அறிவித்த முதல் இனம் அதுதான். ஒரு மணி நேரம் நின்றும் இன்று ஒன்றும் வரவில்லை.

மே 24

இன்று நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வரிசையாகவே எழுதுகிறேன்.

பெரியவருக்குத் தெற்கே ஒரு பாலோ வெர்டே மரம். பட்டையே பச்சையாக இருக்கும், முள் மரம். அதன் அடியில் குனிந்து தேடினால் கட்டைவிரல் உயரத்தில் ஒரு சவாரோக் குட்டி இருக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தற்செயலாகக் கண்டது. அந்த அளவுக்கு வரவே அதற்கு ஏழெட்டு ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். சவாரோக் கன்றுகள் பெரும்பாலும் இப்படி ஒரு மரத்தின் மடியில்தான் பிழைக்கின்றன. கோடையில் வெயிலையும் குளிரில் உறைபனியையும் அந்த மரம் தாங்கிக்கொள்கிறது. எலி, முயலின் கண்ணிலிருந்தும் மறைக்கிறது. அதனால் இங்கே அதைச் செவிலி மரம் என்கிறார்கள்.

குட்டிக்கு ஒரு முழம் தள்ளி ஒரு புல் தூர் இருந்தது. போன ஆண்டு அது இல்லை. மண்டியிட்டு அதன் கதிரை விரலால் உருவினேன். கண்ணுக்கு முன் கை அறிந்துவிட்டது. கொழுக்கட்டைப் புல்.

காங்கேயத்துப் பக்கத்தில் கிளுவை வேலி போட்ட எங்கள் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் வெள்வேல மரங்களுக்கு இடையே நிறைந்து நிற்கும் அதே புல். சித்திரையில் எல்லாம் காய்ந்த பிறகும் எங்கள் மாடுகள் அந்தக் காய்ந்த தாளைத்தான் மேய்ந்து உயிரோடு இருக்கும். முதல் மழை விழுந்த நான்காம் நாள் தூர் துளிர்த்துவிடும். அந்தத் துளிரைப் பார்த்து அப்பா சிரிப்பதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன்.

இங்கே அதற்குப் பெயர் பஃபல் புல். மலைச்சரிவுகளில் வைக்கோல் நிறத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும் புல் அதுதான் என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கிட்டப் போய்த் தொட்டதில்லை. ஊரில் அது மண்ணுக்கு உரிய புல். இங்கே ஆப்பிரிக்காவிலிருந்து விதை கொண்டுவந்து 1930களிலும் 40களிலும் மாட்டுத் தீவனத்துக்காகவும் மண் அரிப்பைத் தடுக்கவும் விதைத்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். எங்கள் அப்பா அந்த இடத்தில் இருந்திருந்தாலும் அதையே செய்திருப்பார்.

மே 25

அப்பாவிடம் பேசினேன். இங்கே கொழுக்கட்டைப் புல்லைப் பிடுங்கி எறிகிறார்கள் என்றேன்.

“அது அருமையான புல் ஆயிற்றே, கண்ணு. அதை எதற்குப் பிடுங்குகிறார்கள்?”

“தீ பிடித்துக்கொள்ளும் அப்பா.”

“கோடையில் காய்ந்தால் எந்தப் புல்தான் பிடிக்காது?”

அங்கேதான் விஷயமே இருக்கிறது. அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். இந்தப் பாலைவனத்தில் செடிக்கும் செடிக்கும் நடுவே வெறும் மண் கிடக்கும். புதிதாக வருபவருக்கு அது பொட்டலாகத் தெரியும், எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. அந்த வெறும் மண்தான் இந்தக் காட்டின் காவல். இடி விழுந்து ஒரு மரம் எரிந்தாலும் தீ அடுத்த செடிக்குத் தாவ வழி இருக்காது. அதனால் சவாரோ தீயைத் தாங்கப் பழகவே இல்லை. பஃபல் புல் அந்த இடைவெளிகளை எல்லாம் நிரப்பிவிடுகிறது. அது எரிந்தால் வெப்பம் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டும். எரிந்த தூர் மழைக்கு மறுபடி துளிர்க்கும், சவாரோ துளிர்க்காது. உடனே சாவதும் இல்லை. அடிப்பக்கம் வெந்தபடி சில ஆண்டுகள் பச்சையாகவே நின்று பிறகு விழுகிறது.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மழை உண்டா என்று கேட்டார்.

ஜூன் 22

வெயில் 42 டிகிரி. பழம் வெடிக்கத் தொடங்கிவிட்டது. சிவந்த சதைக்குள் கறுப்பு விதை, ஒரு பழத்தில் ஏறக்குறைய இரண்டாயிரம்.

இந்த மண்ணின் மக்களான தோஹோனோ ஓடம்களுக்கு இதுதான் அறுவடைக் காலம், புத்தாண்டும் இதையொட்டித்தான். இறந்த சவாரோவின் உள் விலாக்குச்சிகளை நீளமாகக் கட்டித் துறட்டி செய்து அதனால் பழத்தைத் தட்டி எடுக்கிறார்கள். பழத்துக்கு அவர்கள் மொழியில் பஹிதாஜ் என்று பெயர். சதையை எடுத்த பிறகு தோலைத் தரையில் சிவந்த உட்புறம் வானத்தைப் பார்க்கும்படி வைப்பார்கள், மழையை அழைப்பதற்காக. பழச்சாற்றைப் புளிக்கவைத்து மழை வேண்டிச் சடங்கும் செய்வார்கள். சவாரோ அவர்களுக்குச் செடி மட்டுமல்ல, மனிதர்களில் ஒருவர். நான் பெரியவர் என்று சொல்லத் தொடங்கியது அதை அறிவதற்கு முன்னால். அறிந்த பிறகு அந்தச் சொல்லை இன்னும் கவனமாகச் சொல்கிறேன்.

ஜூன் 29

வடக்கே காட்டலினா மலைகளைப் பார்க்கும்போதெல்லாம் 2020 ஜூன் நினைவுக்கு வருகிறது. மின்னல் மூட்டிய பிக்ஹார்ன் தீ வாரக்கணக்கில் எரிந்தது. ஏறக்குறைய 1,20,000 ஏக்கர். இரவில் மலைமுகட்டில் சிவப்புக் கோடு ஊர்ந்துபோவதை மொட்டை மாடியிலிருந்து பார்த்தோம். பெரும்பகுதி மேலே காட்டில் எரிந்தது. அடிவாரத்துச் சவாரோக்களும் கருகின.

குட்டிக்குப் பக்கத்துத் தூரை எடுக்க இன்று போகவில்லை. மண் கல்லாக இருக்கிறது.

ஜூலை 12

மழை!

மாலை நான்கு மணிக்குக் கறுத்து, ஐந்துக்குக் கொட்டி, ஆறுக்கு ஓய்ந்தது. கிரியோசோட் புதரின் வாசனை ஊரையே நிறைத்திருக்கிறது.

பெரியவரின் வேர் பெரும்பாலும் ஒரு சாணுக்கும் குறைந்த ஆழத்தில்தான் ஓடுகிறது, ஆனால் அவர் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரத்துக்குச் சுற்றிலும் பரவியிருக்கிறது. நடுவில் ஒரே ஓர் ஆணிவேர். ஒரு நல்ல மழையில் 700 லிட்டருக்கு மேல் உறிஞ்சிக்கொள்ள முடியும். மேனியின் மடிப்புகள் ஹார்மோனியத் துருத்தி போல விரிந்துகொடுக்கும். ஜூனில் என் விரல் நுழைந்த மடிப்பில் இன்னும் சில நாட்களில் விரல் நுழையாது. புல்லும் இதே மேல்மண் ஈரத்துக்குத்தான் போட்டியிடுகிறது. பெரியவர் தாங்குவார், கட்டைவிரல் உயரக் குட்டி எங்கே போகும்?

ஜூலை 19

பஃபல் புல்லைப் பிடுங்கும் தன்னார்வலர்களோடு காலை ஐந்து மணிக்குச் சரிவில் ஏறினேன். கையில் கொடுத்தது ஒரு கடப்பாரை. ஊரில் பிடித்த அதே இரும்பு, அதே கனம். தூருக்கு அடியில் செருகி நெம்பினால் வேர் பெயரும் சத்தம்கூட ஒன்றுதான். கதிர் சிந்தாமல் பையில் கட்ட வேண்டும்.

சப்பாத்திக்கள்ளி அமெரிக்காவிலிருந்து வந்து நம் காடுகளை அடைத்துக்கொண்ட கதையை அப்பாரு சொல்வார். 1926இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த ஒரு சிறு பூச்சி அதைத் தின்று அடக்கியது. இங்கே பஃபல் புல்லுக்கு அப்படி ஒரு பூச்சியை விட முடியாது. எல்லைக்கு அப்பால் சோனோராவில் மாடு வளர்ப்பவர்களுக்கு இன்றும் அதுதான் தீவனம். ஆக, களைக்கொல்லி மருந்தும் கடப்பாரையும்தான்.

பத்து மணிக்குள் எழுபத்தொரு தூர் எடுத்தேன். மழை ஈரத்தில் அந்த வேரின் வாசனை எங்கள் கொறங்காட்டு வாசனை. அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மையார் ஒன்றும் கேட்காமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

ஜூலை 20

குட்டிக்குப் பக்கத்துத் தூரைத் தனியாகப் போய் எடுத்தேன். கடப்பாரை போட்டால் அதிரும் என்று சிறு கரண்டியால் சுற்றிலும் தோண்டி, மண்ணைக் கையால் விலக்கி எடுத்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது.

இரவு அப்பாவிடம் சொன்னேன்.

“எடுத்த புல்லை என்ன செய்தாய்? மாட்டுக்குப் போட்டாயா?”

“இங்கே மாடு ஏது அப்பா? பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டோம்.”

பெருமூச்சு விட்டார். “சரி கண்ணு. எடுப்பதென்று ஆகிவிட்டால் முழுதாக எடு. குருத்துக்கு அடியில் ஒரு கணு விட்டாலும் பத்து நாளில் திரும்ப வரும். போய்ப் பார்.”

ஆகஸ்ட் 2

போய்ப் பார்த்தேன். அவர் சொன்னபடியே விரல் நீளத்துக்கு இரண்டு துளிர். விரலை விட்டுத் துழாவியதில் கணு கிடைத்தது. சுண்டைக்காய் அளவு இருந்தது. எடுத்துவிட்டேன்.

குட்டியின் மடிப்புகள் விரிந்திருக்கின்றன. உச்சியில் புதிய முட்கள் செம்மண் நிறத்தில் வந்திருக்கின்றன.