அல்கோல்: திங்களன்று கோட்டை விட்டேன், வியாழனன்று பிடித்தேன்

பெர்சியஸ் விண்மீன் தொகுதியில் இருக்கும் அல்கோல் என்ற நட்சத்திரம் 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை மங்கும், அது வெறுங்கண்ணுக்கே தெரியும் என்று படித்ததிலிருந்து ஒரே நமைச்சல். மங்கும் நேர அட்டவணையில் 19:40 என்று போட்டிருந்ததால் திங்கட்கிழமை ஆறரைக்கே மொட்டைமாடி ஏறி, பத்து மணிவரை கொசுக்கடியோடு அண்ணாந்து பார்த்தேன். ஒரு மாற்றமும் தெரியவில்லை. மறுநாள் காலை காபி குடிக்கும்போதுதான் உறைத்தது, அது உலகப் பொது நேரம்! ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நள்ளிரவு தாண்டி 1:10. நான் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த நேரம்.

சரி, அடுத்தது வியாழன் இரவு பத்து மணி. ஏழு மணிக்குப் பார்த்தபோது பொலிவெண் 2.4 இருக்கும் என்று குறித்தேன் (நட்சத்திர வெளிச்சத்தைச் சொல்லும் எண்; எண் கூடினால் மங்கல் என்று அர்த்தம், இது பழகவே எனக்கு ஒரு வாரம் ஆனது). எட்டரைக்குப் பக்கத்து நட்சத்திரமான எப்சிலான் பெர்சியோடு சமமாகிவிட்டது, அதாவது 2.9. பத்து மணிக்கு இன்னொரு நட்சத்திரமான டெல்டா பெர்சியைவிடவும் கீழே போய், 3.3 என்று எழுதும்போது கை கொஞ்சம் நடுங்கியது, குளிரால் இல்லை. முதலில் ரோ பெர்சியோடுதான் ஒப்பிட்டேன், அதுவே ஒளி மாறும் சிவப்பு அரக்கன் (ஊதிப்போன கிழட்டு நட்சத்திரம்) என்று தெரிந்ததும் அந்தக் குறிப்புகளை அடித்துவிட்டேன். அளவுகோலே நீண்டு சுருங்கினால் எதை அளப்பது!

மங்கலுக்குக் காரணம் கிரகணம். மங்கலான துணை நட்சத்திரம் பிரகாசமானதை மறைக்கிறது. 1783இலேயே இங்கிலாந்தின் ஜான் குட்ரிக் இப்படி இருக்கலாம் என்றார், அப்போது அவருக்கு 18 வயது, காது கேட்காது.

ஆனால் என்னைக் குழப்பியது வேறு. எடை கூடிய நட்சத்திரம் எரிபொருளைச் சீக்கிரம் தீர்த்து முதலில் கிழடாகும், அதுதான் விதி. இங்கே சூரியனைப்போல் 3.2 மடங்கு நிறையுள்ளது இளமையாக நீலவெண்மையில் ஜொலிக்க, வெறும் 0.7 மடங்கு இருப்பது ஊதிப்போய்க் கிழடு தட்டியிருக்கிறது. ஒரே சமயத்தில் பிறந்த ஜோடி வேறு. விடை என்னவென்றால், இன்றைய சின்னதுதான் ஒருகாலத்தில் பெரியது. வயதாகி ஊதியபோது அதன் வெளியடுக்கு மற்றதன் ஈர்ப்பில் சிக்கி அந்தப் பக்கம் கொட்டிவிட்டது. சொத்தை எழுதிக்கொடுத்துவிட்டு மெலிந்துபோன பெரியவர் கதைதான்.

ஞாயிறு மாலை 6:48க்கு மறுபடி மங்கல். அன்று வெளிச்சம் திரும்ப ஏறும் பக்கத்தைப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன், ஒன்பது மணிக்கு 2.5 வரை வந்தது, அப்புறம் மேகம்.