ஒரே குழாய் நீர், இரண்டு தொட்டிகள்

என் அறையில் இரண்டு நன்னீர் மீன்தொட்டிகள் அருகருகே இருக்கின்றன. இரண்டையும் நிரப்பியது ஒரே குழாயின் தண்ணீர்; வாரந்தோறும் மாற்றுவதும் அதே தண்ணீர்தான். ஆகவே இரண்டிலும் இருப்பது ஒரே நீர் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். ஒரு தொட்டியில் நெரிசல் கூடிவிட்டதென்று நியான் டெட்ரா என்னும் சிறு மீன்கள் ஆறை மற்றொன்றுக்கு மாற்றிய நாளில்தான் அந்த நம்பிக்கை உடைந்தது. வெப்பநிலை சமமாகட்டும் என்று பையைக் கால் மணி நேரம் மிதக்கவைத்த பிறகே மீன்களை உள்ளே விட்டேன். மறுநாள் காலைக்குள் இரண்டு இறந்துவிட்டன. மற்றவை நிறம் வெளிறி ஒரு மூலையில் ஒடுங்கி நின்றன. சோதித்துப் பார்த்தால், மீன் கழிவிலிருந்து உண்டாகும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம், நைட்ரேட்டும் குறைவு. அதுவரை அந்த மூன்றை மட்டுமே அளந்துவந்த எனக்கு, அடுத்து எதைப் பார்ப்பதென்று தெரியவில்லை.

பிறகு அமிலத்தன்மையைக் காட்டும் பி.ஹெச், பொதுக் கடினத்தன்மையான ஜி.ஹெச், கார்பனேட் கடினத்தன்மையான கே.ஹெச், மொத்தக் கரைபொருளைக் காட்டும் டி.டி.எஸ் ஆகிய நான்கையும் அளந்து ஒரு குறிப்பேட்டில் எழுதினேன். குழாய் நீரில் பி.ஹெச் 7.4, கே.ஹெச் 6 டிகிரி. மீன்கள் வாழ்ந்துவந்த முதல் தொட்டியில் பி.ஹெச் 6.4, கே.ஹெச் 1, டி.டி.எஸ் 130. அவை போய்ச் சேர்ந்த தொட்டியில் பி.ஹெச் 8.0, கே.ஹெச் 10, டி.டி.எஸ் 400க்கும் மேல். பி.ஹெச் மடக்கை அளவுகோல் என்பதால் ஒரு அலகு வேறுபாடு பத்து மடங்கைக் குறிக்கும், 1.6 அலகு என்பது ஏறத்தாழ நாற்பது மடங்கு. ஓர் அடி இடைவெளியில் நின்ற இரண்டு கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இத்தனை பெரிய வேறுபாடு இருந்தது.

காரணம் தொட்டிகளின் அடியில் கிடந்தது. முதல் தொட்டியில் செடிகளுக்கென்று போட்ட ஆக்வா சாயில் என்னும் மண், நீரிலுள்ள கார்பனேட்டைக் குறைக்கும் தன்மை உடையது. அதிலிருந்த மரக்கட்டை டானினையும் பிற கரிம அமிலங்களையும் மெல்ல வெளிவிட்டுக்கொண்டிருந்தது. இரண்டாவது தொட்டியில் அழகுக்காக அடுக்கிய பாறைகள் சுண்ணாம்புக்கற்கள் என்பதை, ஒரு துண்டின்மேல் வினிகரை ஊற்றி அது நுரைத்ததைப் பார்த்த பிறகே அறிந்தேன். தொட்டிக்குள் வைக்கும் ஒவ்வொரு கல்லையும் முதலில் இப்படிச் சோதிப்பது ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் விட்டது என் தவறு.

இந்த அளவீடுகளில் பெரும்பாலோர் கவலைப்படுவது பி.ஹெச்சைப் பற்றி. எனக்கோ, கே.ஹெச்சைப் புரிந்துகொண்ட பிறகுதான் மற்றவை புரிந்தன. ஜி.ஹெச், கே.ஹெச் இரண்டையும் கடினத்தன்மை என்றே அழைப்பதால் குழப்பம் வருகிறது. ஜி.ஹெச் என்பது கரைந்துள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் காட்டுவது. நத்தையின் ஓட்டுக்கும் இறாலின் தோலுரிப்புக்கும் அதுவே முக்கியம். கே.ஹெச் என்பது நீரிலுள்ள பைகார்பனேட்டின் அளவு, அதாவது அமிலம் சேரும்போது அதை ஈடுகட்டும் இருப்பு. வீட்டுக் குழாயில் பொருத்தும், உப்பைக் கொண்டு இயங்கும் நீர் மென்மையாக்கி கால்சியத்தை நீக்கிச் சோடியத்தைச் சேர்ப்பதால் ஜி.ஹெச் அடியோடு விழும், கே.ஹெச்சோ அப்படியே நிற்கும். இரண்டும் வெவ்வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்த இருப்பு நாள்தோறும் செலவாகிறது. மீன்கள் வெளிவிடும் அம்மோனியாவை வடிகட்டியிலுள்ள பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும் பின்பு நைட்ரேட்டாகவும் மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. அம்மோனியாவாக உள்ள 1 மி.கி. நைட்ரஜனை மாற்ற, கால்சியம் கார்பனேட் கணக்கில் சுமார் 7.1 மி.கி. காரத்தன்மை தேவை. ஒரு டிகிரி கே.ஹெச் என்பது அதே கணக்கில் லிட்டருக்கு சுமார் 17.9 மி.கி. ஆகவே நைட்ரேட் லிட்டருக்கு 11 மி.கி. உயர்ந்திருந்தால், அதை உருவாக்குவதில் ஏறத்தாழ ஒரு டிகிரி கே.ஹெச் செலவாகியிருக்கும் என்று கணக்கிடலாம். செடிகள் நைட்ரேட்டை உறிஞ்சும்போது இந்த இழப்பில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கிறது என்பதால், செடி அடர்ந்த தொட்டியில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. இரண்டாவது தொட்டியில் சுண்ணாம்புக்கல் தொடர்ந்து கரைந்து செலவை ஈடுகட்டியது. முதல் தொட்டியில் அப்படி ஈடுகட்டும் கல் எதுவும் இல்லை.

கே.ஹெச் முற்றிலும் தீர்ந்துபோன தொட்டியில் நடப்பதை அறிந்தபோது உண்மையிலேயே அஞ்சினேன். பி.ஹெச் 6க்கும் கீழே சரியும். பாக்டீரியாக்களின் வேலை மந்தமாகும். அம்மோனியா சேரத் தொடங்கும். ஆனால் அமில நீரில் அது பெரும்பாலும் நச்சு குறைந்த அம்மோனியம் அயனியாக இருப்பதால் மீன்கள் தாங்கிக்கொள்ளும், வளர்ப்பவருக்கும் ஒன்றும் தெரியாது. பல மாதங்கள் கவனிக்காமல் விட்டுவிட்டோமே என்று ஒருநாள் பாதித் தண்ணீரைக் குழாய் நீரால் மாற்றினால் பி.ஹெச் ஒரேயடியாக ஏறும். 25 டிகிரி வெப்பத்தில் பி.ஹெச் 7இல் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவில் இருப்பது 0.6 விழுக்காடு அளவே, பி.ஹெச் 8இல் அது 5 விழுக்காட்டைத் தாண்டும். நீர் மாற்றியதால் மீன்கள் இறந்தன என்று பலர் வருந்திச் சொல்வதற்குப் பின்னால், இத்தகைய பழைய தொட்டிகள் சில இருக்கும் என்று நினைக்கிறேன். இப்படிப்பட்ட தொட்டியில் சிறிது சிறிதாக, பல நாட்களில் மாற்றுவதே நல்லது.

பி.ஹெச் மட்டும் ஏன் ஏமாற்றுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். குழாயிலிருந்து அப்போதே பிடித்த நீரில் 7.4 என்று காட்டியது, ஒரு வாளியில் திறந்து வைத்த மறுநாள் 7.8 ஆனது. நீரில் மிகுதியாகக் கரைந்து அமிலத்தைக் கூட்டியிருந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறியதே காரணம், கே.ஹெச் மாறவில்லை. செடிகள் உள்ள தொட்டியிலோ பகலில் அந்த வாயு உறிஞ்சப்பட்டு பி.ஹெச் உயர்கிறது, இரவில் தாழ்கிறது. எந்த நேரத்தில் அளந்தோம் என்று எழுதாத பி.ஹெச் எண் அரைத் தகவல்தான்.

டெட்ராக்களின் இறப்புக்கு பி.ஹெச்சே காரணம் என்று முதலில் முடிவு செய்திருந்தேன். இன்று, கரைபொருளின் திடீர் ஏற்றமே பெரிய காரணம் என்று கருதுகிறேன். நன்னீர் மீனின் உடல்நீர் சுற்றியுள்ள நீரைவிட உப்பு மிகுந்தது. அதனால் உடலுக்குள் ஓயாமல் புகும் நீரைச் சிறுநீராக வெளியேற்றியும், செவுள் வழியே உப்பை ஈர்த்தும் அது சமநிலை காக்கிறது. மென்னீருக்குப் பழகிய அந்தச் சமநிலையை நான் ஒரே நொடியில் மாற்றச் சொன்னேன்.

இப்போது ஒரு தொட்டியிலிருந்து மற்றொன்றுக்கு எந்த உயிரை மாற்றினாலும், மெல்லிய குழாயால் சொட்டுச் சொட்டாகப் புது நீரைக் கலந்து இரண்டு, மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்கிறேன். நெடுநேரம் பையில் பயணித்து வந்த மீன்களுக்கு மட்டும் இதைச் செய்வதில்லை. பையைத் திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பி.ஹெச் உயர்வதால், உள்ளே சேர்ந்த அம்மோனியா நச்சாக மாறத் தொடங்கும். அவற்றுக்கான நீரை முன்பே ஏறத்தாழ ஒத்த டி.டி.எஸ் அளவில் தயாரித்து வைக்கிறேன்.

பாறைத் தொட்டியில் டி.டி.எஸ் மாதாமாதம் ஏறிவந்ததற்கான காரணம் கடைசியாகத்தான் பிடிபட்டது. கல் கரைந்தது ஒரு பகுதி. ஆவியாகிக் குறைந்த நீருக்குப் பதில் குழாய் நீரையே ஊற்றிவந்தது மறு பகுதி. ஆவியாவது நீர் மட்டுமே, உப்புகள் தங்கிவிடுகின்றன. குறையும் நீரை, உப்பு நீக்கிய ஆர்.ஓ நீரால் ஈடுசெய்யத் தொடங்கி, பாறைகளில் பாதியையும் எடுத்துவிட்டேன். நான்கு மாத நீர் மாற்றங்களுக்குப் பின் அந்தத் தொட்டி 290இல் நிற்கிறது. எஞ்சிய நான்கு டெட்ராக்களும் முதல் தொட்டிக்கே திரும்பிவிட்டன.