மைனஸ் மூணு மில்லிமீட்டர் மழை

எனக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். 2018 ஜூனில் மாறுதலாகி ராதாபுரம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளிக்குப் போனேன். அப்போது இரண்டும் ஒரே மாவட்டம், பிரித்தது அடுத்த வருஷம் நவம்பரில். அந்த நினைப்பிலேயே ஏழாம் வகுப்பில் வானிலை பாடத்தை எடுத்து, "இப்போ தென்மேற்குப் பருவமழைக் காலம், வெளியே பாருங்க" என்று ஜன்னலைக் காட்டிவிட்டேன். வெளியே சுள்ளென்று வெயில், புழுதி, தூரத்தில் சுற்றும் காற்றாலைகள். முன் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, "மழ ஐப்பசியிலதான் டீச்சர் வரும், இப்ப காத்துதான்" என்றாள், பாவம் இந்த டீச்சருக்கு இதுகூடத் தெரியலையே என்கிற குரலில்.

அவள் சொன்னதுதான் சரி. எங்கள் ஊரில் ஆனி பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரல் வந்துவிடும், குற்றாலத்தில் கூட்டம் அம்மும். இங்கே அதே காற்று ஈரத்தை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, ஆரல்வாய்மொழி இடுக்கில் புகுந்து வெறும் காற்றாக வந்து சேருகிறது. காற்றாலைகள் ஏன் அங்கே நிற்கின்றன என்பதற்கும் அதுதான் பதில். மழை மறைவுப் பகுதி என்று எத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதியிருப்பேன்!

சரி, அளந்தே பார்ப்போம் என்று ஒரு சோடா பாட்டிலின் தலையை வெட்டி மழைமானி செய்தோம். அடிப்பக்கம் மேடும் பள்ளமுமாக இருக்கும் என்பதால் கூழாங்கல் போட்டு, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் பூஜ்யம் என்று கோடு. முதல் பாட்டிலைக் காற்று கொண்டுபோய்விட்டது. இரண்டாவதைச் சுற்றிச் செங்கல் அடுக்கினோம். தினமும் காலையில் ஒரு பிள்ளை பார்த்து நோட்டில் எழுத வேண்டும். ஆனி முழுக்கப் பூஜ்யம்தான், "பூஜ்யத்தையும் எழுதணுமா டீச்சர்?" என்று தினம் ஒரு கேள்வி, எழுதத்தான் வேண்டும் என்று தினம் ஒரு பதில். ஒரு திங்கட்கிழமை நோட்டைத் திறந்தால் "-3 மி.மீ." என்று இருக்கிறது. எழுதிய பையனைக் கூப்பிட்டேன். "தண்ணி கோட்டுக்குக் கீழ போயிட்டு டீச்சர், மைனஸ்ல பெஞ்சிருக்கு."

நான் சிரித்தேன், ஆனால் அன்றைய பாடம் அந்த மைனஸ்தான். தண்ணீர் எங்கே போனது என்று கேட்டதும் ஒருத்தி, அம்மா துவைத்த துணி இந்தக் காற்றில் கால் மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்றாள், உவரியில் மாமா வீடு இருக்கிற பையன் கருவாட்டுக்கு வந்தான், இன்னொருத்தன் வாழைக்கு ஏன் முட்டுக் கொடுக்கிறார்கள் என்று சொன்னான். ஈரக்காற்று அடித்தால் பீடி நமுத்துப் போகும் என்றது ஒரு குரல். பாடப்புத்தகத்தில் 'வானிலையின் முக்கியத்துவம்' என்று நாலு வரி இருக்கும், அதை நான் அன்றைக்குத் திறக்கவேயில்லை.

காலநிலை என்றால் முப்பது வருஷ சராசரி, நம்ம நோட்டும் முப்பது வருஷம் போகணும் என்றேன். "அப்ப நீங்க ரிட்டயர் ஆயிருவீங்களே டீச்சர்!" எனக்குப் பொறுக்கவில்லை, உண்மைதானே.

நோட்டு கைமாறிக் கைமாறி ஓடியது. நடுவில் கொரோனாவுக்கு வெற்றுப் பக்கங்கள். அப்புறம் 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. விடிய விடியக் கொட்டியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் என்றார்கள், தூத்துக்குடி மாவட்டத்தில் வழக்கமாக ஒரு வருஷம் முழுக்கவே அவ்வளவு பெய்யாது. பள்ளி திறந்ததும் வகுப்புச் சுவரில் ஸ்கேல் வைத்து 95 சென்டிமீட்டருக்குக் கோடு போட்டேன், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருத்தராகப் போய் நின்று பார்த்தார்கள், சின்னவர்களுக்கு நெஞ்சு வரைக்கும் வந்தது. காலநிலையே மாறிப்போச்சா என்று கேட்டார்கள். ஒரு நாள் மழையை வைத்து அதைச் சொல்ல முடியாது, அது வானிலை, என்றேன். ஆனாலும் முன்பு போல அழுத்தமாகச் சொல்ல வரவில்லை.

பாட்டிலைக் காணோம், செங்கல் மட்டும் கிடந்தது. நோட்டுப் பொறுப்பில் இருந்த பெண், "95ன்னு எழுதிரவா டீச்சர்?" என்றாள். அது காயல்பட்டினத்துக் கணக்கு, நம்ம ஊரில் நாம் அளக்கவில்லை. அப்போ பூஜ்யமா என்றாள். அதுவும் கூடாது என்றேன். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, "பாட்டில் போச்சு" என்று எழுதினாள்.