கபிலர் பாடிய மலையில்

பழனி மலைப் பகுதியைச் சங்க காலத்தில் ஆண்டவன் வையாவிக் கோப்பெரும் பேகன். மயிலுக்குப் போர்வை கொடுத்தான் என்று பள்ளியில் படித்தோமே, அதே பேகன்தான். அவன் மனைவி கண்ணகியை (சிலப்பதிகாரக் கண்ணகி அல்ல) பிரிந்து வாழ்ந்தபோது, அவளிடம் திரும்பிப் போகச் சொல்லி நான்கு புலவர்கள் அவனைப் பாடினார்கள். அவர்களில் கபிலரும் ஒருவர். புறநானூற்றில் 143 முதல் 147 வரை உள்ள ஐந்து பாட்டுகளும் இந்த ஒரு விஷயத்துக்காகப் பாடப்பட்டவை. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஐப்பசியில் பழனியிலிருந்து கொடைக்கானலுக்குக் கிளம்பினோம். நானும், பாட்டு வாத்தியாராக இருக்கும் என் நண்பரும்.

மலைப்பாதை 64 கிலோமீட்டர். வத்தலக்குண்டு வழியைவிட இதில் கூட்டம் குறைவு, அதனால் நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்த முடியும். வரதமாநதி அணையைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடுகிறது. வடகவுஞ்சிக்கு முன்பே நல்ல மழை பிடித்துக்கொண்டது. கபிலரின் 143ஆம் பாட்டும் மழையில்தான் தொடங்குகிறது. மழை வேண்டும் என்று பலி தூவிய குறவர்கள், பெய்தது போதும், மேகம் மேலே போகட்டும் என்று மறுபடி கடவுளைக் கும்பிடுகிறார்கள். மழை நின்ற மகிழ்ச்சியில் தினைச்சோறு உண்கிறார்கள். அப்புறம்தான் கண்ணகி வருகிறாள். சுற்றத்தாரின் பசியோடு கபிலர் அவள் வாசலில் நின்று 'நின்னும் நின் மலையும் பாட', அவள் அழுகையை நிறுத்த முடியாமல், குழல் ஏங்குவதுபோல் அழுதாள் என்கிறார். பேகனைப் பாடினாலே அவன் மலையையும் பாடியாக வேண்டும். அந்த மலைப்பாட்டு அவளை அழ வைத்திருக்கிறது.

அடுத்த பாட்டில் பரணர் இன்னும் விவரமாகச் சொல்கிறார்: இருள் வரும் வேளையில் சிறிய யாழில் செவ்வழிப் பண் அமைத்து, 'நின் கார் எதிர் கானம் பாடினேம்'. எந்த யாழ், எந்தப் பண், எந்தப் பொழுது என்று எல்லாமே இருக்கிறது. இன்றைக்கு ஓதுவார்கள் தேவாரத்தில் செவ்வழியை யதுகுல காம்போதியில் பாடுகிறார்கள். நண்பர் வண்டிக்குள்ளேயே அந்த ராகத்தில் இந்த வரிகளை இழுத்துப் பார்த்தார். பரணர் காலத்துச் செவ்வழி இப்படித்தான் இருந்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் தேர்வுக்காக மனப்பாடம் செய்த வரி பாட்டாகக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கபிலரின் வாழ்க்கையே மலைகளோடு போனது. பறம்பு மலைப் பாரியின் உயிர் நண்பர். மூவேந்தர் முற்றுகைக்குப் பின் பாரி இறந்ததும், அவன் மகளிரை அழைத்துக்கொண்டு அரசன் அரசனாக அலைந்தார். திருக்கோவலூரில் பெண்ணையாற்றின் நடுவே உள்ள கபிலக்கல்லில் தீப்புகுந்தார் என்று முதலாம் ராசராசன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. சங்கப் புலவர்களில் அதிகப் பாட்டு அவருடையதுதான், அதில் பெரும்பகுதி குறிஞ்சி. பாரி மகளிர் பாடிய 'அற்றைத் திங்கள்' 1997இல் 'இருவர்' படத்தின் 'நறுமுகையே' பாட்டுக்குள் வந்து ஊரெல்லாம் ஒலித்தது. அவர்களைக் காத்த கபிலரின் பாட்டுகளுக்கும் அந்த வாழ்வு கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.

அதற்கு நான் முதலில் எடுப்பது அவருடைய அகநானூறு 82ஆம் பாட்டு. மழை விட்டதும் சாலையோர மூங்கில் புதரில் ஒரு கழியைப் பார்த்தோம். கணுவுக்குச் சற்றுக் கீழே, சுண்டுவிரல் நுழையும் அளவில் வட்டத் துளை. விளிம்பு தச்சர் துளைத்ததுபோல் வழவழவென்று இருந்தது. 'ஆடமைக் குயின்ற அவிர்துளை' என்று கபிலர் எழுதியது இதைத்தான். அந்தத் துளையில் மேல்காற்று புகுந்தால் குழல், அருவி முழவு, கலைமானின் குரல் தூம்பு என்னும் ஊதுகருவி, வண்டு யாழ். மந்திகள் வியந்து பார்க்க, மயில் விறலியைப்போல், அதாவது மேடையேறும் ஆடல்மகளைப்போல் ஆடுகிறது. ஒரு கச்சேரி மேடையே பாட்டுக்குள் இருக்கிறது, இசையமைப்பவருக்கு வேறென்ன வேண்டும்?

"ராகம் கிடைச்சிடும், தாளம்தான் சிக்கல்" என்றார் நண்பர். இந்தப் பாட்டின் யாப்பான ஆசிரியப்பாவில் பல்லவி கிடையாது. வாக்கியம் அடி தாண்டி ஓடிக்கொண்டே இருக்கும், எங்கே திரும்பிப் பாடுவது? தாளக்கட்டு இல்லாமல் விருத்தமாகப் பாடலாம் என்றேன். முதல் பாதிக்கு மட்டும் ஒப்புக்கொண்டார். இன்றைய ஓதுவார் மரபில் குறிஞ்சிப் பண் அரிகாம்போதி, அதில் தாளமில்லாமல் மயில் வரைக்கும் போகலாம். ஆனால் தலைவனைப் பலரும் பார்த்தார்களே, 'ஓர் யான் ஆகுவது எவன்கொல்', நான் ஒருத்தி மட்டும் ஏன் இப்படிக் கண்ணீரோடு கிடக்கிறேன் என்று தலைவி கேட்கும் இடத்தில் அடி நான்கு சீரிலிருந்து மூன்று சீராகக் குறைகிறது. அந்த ஒரு சீர் இடைவெளியில் தாளத்தை உள்ளே கொண்டுவந்து, அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் பாட வேண்டும் என்றார். பெருமாள்மலை டீக்கடையில் பெஞ்சைத் தட்டிக்கொண்டே அதை ரூபக தாளத்தில் போட்டுப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.