64 அனுப்பியும் மோட்டார் நிற்கவில்லையா?

ஆர்டுயினோ போர்டிலிருந்து சேபர்டூத் 2×12 மோட்டார் டிரைவருக்கு எளிய சீரியல் முறையில் 64 அனுப்பினால் முதல் மோட்டார் நிற்க வேண்டும். நிற்காமல் பின்பக்கம் வேகமாக ஓடினால், கோடில் சீரியல்.பிரின்ட்எல்என் (Serial.println) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எளிய சீரியல் முறையில் ஒரு பைட் வந்தாலே அது கட்டளைதான். 1 முழுவேகப் பின்னோட்டம், 64 நிறுத்தம், 127 முழுவேக முன்னோட்டம். இரண்டாவது மோட்டாருக்கு 128, 192, 255. 0 வந்தால் இரண்டும் நிற்கும். பிரின்ட்எல்என் 64 என்ற மதிப்பை அனுப்பாது. '6', '4' என்ற எழுத்துகளை, அதாவது 54, 52 என்ற பைட்களை அனுப்பும். கூடவே வரிமுடிவுக்கு 13, 10. நான்குமே பின்னோட்டம்! கடைசியில் வந்த 10 அப்படியே நிலைத்துவிடும். கிட்டத்தட்ட 86 சதவீத வேகம். அதற்குப் பதில் சீரியல்.ரைட் (Serial.write) போட்டால் இது சரியாகும்.

ஆர்டுயினோ ஊனோவின் 1ஆம் பின்னை (pin) டிரைவரின் சிக்னல் முனையான எஸ்1இல் கொடுப்பதும் வேண்டாம். அப்லோட் செய்யும்போது பூட்லோடர் (கோடை வாங்கிப் பதியும் சிறு நிரல்) தரும் பதில்கள் அந்தப் பின் வழியாகத்தான் 1,15,200 பாட் (விநாடிக்கு இத்தனை பிட்) வேகத்தில் போகும். 9600இல் கேட்கும் டிரைவர் அதை ஏதோ ஒரு மோட்டார் வேகக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். சாஃப்ட்வேர்சீரியல் (SoftwareSerial) நூலகத்தில் வேறொரு பின் போதும், 9600க்குத் தாராளம். டிரைவரின் 0வி முனையையும் ஆர்டுயினோ கிரவுண்டையும் கட்டாயம் இணையுங்கள்.

ஆனால் ஆள் ஏறும் வண்டிக்கோ கனமான ரோபோவுக்கோ எளிய முறையே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பாக்கெட் முறைக்கு மாறுங்கள்: டிரைவரில் உள்ள சிறு டிப் சுவிட்ச்களில் 1, 2 கீழே, மற்றவை மேலே, முகவரி 128. லித்தியம் பேட்டரி என்றால் மட்டும் 3ஐயும் கீழே தள்ளுங்கள். பவர் வந்து 2 விநாடி பொறுத்து 170ஐ ஒருமுறை அனுப்பினால் டிரைவர் பாட் வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். அவசரப்பட்டு முன்பே அனுப்பினால் அது தவறிப்போய், பிறகு எதற்கும் அசையாது.

ஒவ்வொரு பாக்கெட்டும் முகவரி, கட்டளை, மதிப்பு, செக்சம் (சரிபார்ப்பு எண்) என 4 பைட். முதல் மூன்றின் கூட்டுத்தொகையில் கீழ் 7 பிட்தான் செக்சம். முதல் மோட்டார் பாதி வேகத்தில் முன்னே போக 128, 0, 64, 64. நடுவில் ஒரு பைட் சிதைந்தால் செக்சம் பொருந்தாமல் பாக்கெட்டே தள்ளுபடியாகும்.

இதில்தான் டைம்அவுட்டும் கிடைக்கிறது. 128, 14, 5, 19 அனுப்பினால் அரை விநாடி கட்டளை வராதபோது மோட்டார் நிற்கும். பவர் போனால் இந்த அமைப்பு மறந்துபோகும், ஆகவே செட்டப்பிலேயே, 170க்குப் பிறகு அனுப்புங்கள். லூப்பில் 100 மில்லிவிநாடிக்கு ஒருமுறை வேகத்தைத் திரும்ப அனுப்ப வேண்டும். ஒருமுறை அனுப்பிவிட்டு விட்டால் வண்டி அரை விநாடியில் நின்றுவிடும்.

சோதனைக்கும் பேட்டரியே வையுங்கள். பிரேக் பிடிக்கும்போது மோட்டார் திருப்பித் தரும் மின்சாரம் பெஞ்ச் சப்ளையைக் (மேசையில் வைக்கும் மின்வழங்கி) கெடுத்துவிடலாம். பேட்டரி முனைகள் மாறினால் டிரைவர் உடனே போய்விடும்.

சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி வைத்து, ஓடும்போதே எஸ்1 வயரைப் பிடுங்கிப் பாருங்கள். அரை விநாடியில் நிற்காவிட்டால் 14ஆம் கட்டளை போய்ச் சேரவில்லை.